பிரதம விருந்தினருக்கு ஒரு பிள்ளை

நான் படித்த பள்ளிக்கூடத்தில் சுவர்க் கடிகாரங்களுக்குக் குறைவே இல்லை. கொட்டாஞ்சேனையில் இருக்கிற அந்தப் பெண்கள் பாடசாலையில் வகுப்புக்கு ஒன்று தொங்குகிறது. முள்ளுக்குப் பின்னால் ஒரு கடையின் பெயர் இருக்கும். நகைக்கடை, ஹார்ட்வெயார், புடவைக் கடை, இப்படி. சில ஓடும், சில ஓடாது. ஓடாததையும் கழற்ற முடியாது, ஏனென்றால் கொடுத்தவர் அடுத்த விழாவுக்கு வந்து நிமிர்ந்து பார்ப்பார். கொழும்புத் தமிழ் வியாபாரிகள் பள்ளிக்கூடங்களுக்கு உதவுவதில்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். நன்றாகவே உதவுகிறார்கள். கடிகாரம் தருவார்கள், கேடயம் தருவார்கள், விளையாட்டுப் போட்டிக்குத் தண்ணீர்ப் போத்தல் தருவார்கள், பரிசளிப்பு மலருக்கு விளம்பரமும் தருவார்கள். ஒரு பிள்ளை உட்கார்ந்து வேலை பழகுவதற்கு ஒரு கதிரை தாருங்கள் என்று கேட்டுப் பாருங்கள். அப்போது தெரியும்.

நான் கேட்டுப் பார்த்தேன். அந்தக் கோபம் இன்னும் இறங்கவில்லை.

படித்து முடித்து, வெள்ளவத்தையிலிருந்து பஸ் பிடித்து ஒரு மென்பொருள் கம்பனிக்குப் போய்வருகிற எனக்கு, பழைய மாணவிகள் சங்கத்தில் போய் விழ வேண்டிய தேவை எதுவும் இருக்கவில்லை. ஆனால் ஒரு விஷயம் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு எங்கள் பிள்ளைகள் மாதக்கணக்கில் பெறுபேற்றுக்காக வீட்டில் காத்திருக்கிறார்கள். வர்த்தகப் பிரிவுப் பிள்ளைகள் கணக்கியலில் ஏ எடுப்பார்கள், ஆனால் உண்மையான ஒரு இன்வொய்ஸைக் கையில் தொட்டிருக்க மாட்டார்கள். அதே பாடசாலையின் வாசலில் இறங்கி எந்தப் பக்கம் நடந்தாலும் அச்சகம், பார்மசி, கணக்காளர் அலுவலகம், கப்பல் சரக்கை எடுத்துக் கொடுக்கிற கிளியரிங் ஏஜன்சி. ஒவ்வொரு இடமும் சில கிழமைக்கு ஒரு பிள்ளையை எடுத்தால் என்ன? சங்கக் கூட்டத்தில் எழும்பி இதைச் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலை நம்பினேன்.

எந்தெந்த நிறுவனத்தைக் கேட்பது? சங்கத்துக்கு அதில் ஒரு குழப்பமும் இருக்கவில்லை. கடைசியாக வந்த பரிசளிப்பு மலரை மேசையில் விரித்தார்கள். முழுப்பக்க விளம்பரம் தந்தவர்களை முதலில் கேட்பது, பிறகு அரைப்பக்கம். கால்பக்கக்காரர்கள் பேச்சிலேயே வரவில்லை. விளம்பரமே தராதவர்கள் எங்கள் கணக்கில் வியாபாரிகளே இல்லை. பாடசாலைக்கு எதிரே கதவு திறந்து வைத்திருக்கிற அச்சகக்காரரைக் கேட்கலாமே என்றேன். "அவர் மேடையில என்னத்த பேசுவார்?" என்று செயலாளர் அக்கா கேட்டார். பிள்ளை பழகுவதற்கு இடம் தேடுகிறோமா, மேடைக்கு ஆள் தேடுகிறோமா என்று நான் கேட்டேன். தேநீர் வந்துவிட்டது.

ஆக, நான் கேட்ட பயிற்சி இடம் ஒரு விழாவாக மாறியது. தொழில் வழிகாட்டல் நாள். பாண்ட் வாத்தியம், மங்கள விளக்கு, மாலை, பொன்னாடை. வந்த ஒவ்வொருவருக்கும் பொன்னாடை போர்த்தி, போர்த்தியவரோடு ஒரு படம், அதிபரோடு ஒரு படம். பிறகு ஒவ்வொருவரும் தாங்கள் கையில் ஒன்றுமில்லாமல் கொழும்புக்கு வந்து இறங்கிய கதையைச் சொன்னார்கள். வெறுங்கையோடு வந்தவர்களுக்கு யார் முதல் வேலை கொடுத்தது என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. மாணவிகளின் கேள்விகளுக்கென்று நான் அடித்துப்பிடித்து வாங்கி வைத்திருந்த நேரம், நேரமின்மையால் ரத்து என்று அறிவிக்கப்பட்டது.

மண்டபத்தின் பின்வரிசையில் ஒரு பிள்ளை கேள்வியைத் தயார் செய்துகொண்டு காத்திருந்தாள். வீடு கொழும்பு வடக்கில், முகத்துவாரம். அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர். உயர்தரம் எழுதி முடித்திருந்தாள். அவளுக்கு என்ன வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. அது எனக்கே அந்த வயதில் வாய்க்காத ஒன்று. கப்பலில் வந்த சாமானுக்குரிய பத்திரங்களை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குள் போய், சுங்கத்தில் காட்டி, கண்டெய்னரை வெளியே எடுத்துவருகிறவரை வாஃப் கிளார்க் என்பார்கள். அவளுக்கு அந்த வேலைதான் வேண்டும்.

"அப்பாக்கு சாப்பாடு கொண்டு போகக்குள்ள ஹாபர் கேட்டுல பார்ப்பேன் அக்கா. ஃபைல கக்கத்துல வச்சிக்கிட்டு வருவாங்க. அவங்க வந்தாத்தான் லொறியே நகரும். அப்பா ஆக்கள் எல்லாம் வெயில்ல அவங்களப் பார்த்துக்கிட்டுத்தான் நிப்பாங்க."

அவளுக்குக் காத்திருக்க அதிக காலமும் இருக்கவில்லை. அக்காக்காரி வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறாள். கடை திறந்ததிலிருந்து மூடும்வரை நிற்கிற வேலை. சித்திரைப் புதுவருஷ வியாபாரத்துக்குத் தங்கச்சியையும் கூட்டிவா என்று கடையில் சொல்லிவிட்டார்கள். சீசனுக்கு என்று போகிற பிள்ளைகள் சீசனோடு திரும்புவதில்லை. அந்தச் சம்பளத்துக்கு வீடு பழகிவிடும். அக்காக்காரியும் ஒரு சீசனுக்குத்தான் போனவள். புதுவருஷத்துக்கு முன்னால் ஒரு கிளியரிங் அலுவலகத்தில் கால் வைக்காவிட்டால், இவளும் சேலை மடிக்கப் போக வேண்டியதுதான்.

பிரதம விருந்தினராக வந்தவர் ஒரு பெரிய கிளியரிங் ஏஜன்சியின் முதலாளி. வீடு வெள்ளவத்தை, ஒஃபிஸ் கொட்டாஞ்சேனை, மலரில் முழுப்பக்கம், அதுவும் கலரில். அவர் பேச எழும்புவதற்கு முன்னால் நான் மேடைக்குப் பின்பக்கத்தால் போய், "ஐயா, ஒரு பிள்ளையை எடுத்துப் பழக்க ஏலுமா?" என்று கேட்டுவிட்டேன். அதிபர் பக்கத்தில் நின்றார். மறுக்க முடியாத இடத்தில் கேட்டேன், வேண்டுமென்றே. அவர் மைக்கைப் பிடித்து, "இந்தப் பாடசாலையில இருந்து ஒரு பிள்ளையை என்ர சொந்தப் பிள்ளை மாதிரி எடுத்துப் பழக்கி விடுவன்" என்றார். மண்டபம் அதிர்ந்தது. அவர் முகமும் மலர்ந்தது. சத்தியமாக அந்த நிமிடம் அவரை எனக்குப் பிடித்திருந்தது.

விழா முடிய அவளைக் கூட்டிக்கொண்டு போய் முன்னால் நிறுத்தினேன். பத்திரங்களைப் பற்றிக் கேட்பார் என்று அவள் இரண்டு மூன்று விஷயம் பாடமாக்கி வைத்திருந்தாள்.

"எந்த இடம் பிள்ளை?"

"முகத்துவாரம் சேர்."

"அது இருக்கிற இடம். சொந்த இடம் எது?"

"அதுதான் சேர் சொந்த இடம். நான் பொறந்தது அங்க. அப்பா பொறந்ததும் அங்கதான்."

அவர் சிரித்தார். பிழையான விடை சொன்ன சின்னப் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்கள்?" என்றார்.

"அப்பா வடமராட்சி."

"அட, எங்கட ஆக்கள்! முதலே சொல்லியிருக்கலாமே பிள்ளை."

வெள்ளவத்தையில் இந்தக் கேள்விக்குத் தப்பி ஒருவரும் வாழ முடியாது. வீடு வாடகைக்குக் கேட்டாலும் இதுதான், பல் பிடுங்கப் போனாலும் இதுதான். வடக்கே ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னால் கதவு திறக்கும். கொழும்பிலேயே பிறந்து கொழும்பிலேயே வேர்விட்ட தமிழருக்குச் சொல்ல ஊர் கிடையாது என்பது கேட்கிறவர்களுக்கு விளங்குவதே இல்லை. அதற்குப் பிறகு அவர் அவளைப் பற்றி என்னோடுதான் கதைத்தார். அவள் பக்கத்தில் நிற்கிறாள். "பிள்ளை நம்பிக்கையானதோ?" என்று என்னைக் கேட்கிறார்.

சரி, இடம் கிடைத்ததே என்று விட்டுவிட்டோம். அவள் அடுத்த கிழமையே வேலைக்குப் போனாள். துறைமுகத்துக்குள் போக பாஸ் வேண்டும். அதற்குக் கம்பனிதான் விண்ணப்பிக்க வேண்டும். "இன்னும் போடல்லக்கா, முதலாளி பிஸி" என்பாள் ஃபோனில். நானும் சரி சரி என்றேன்.

ஒரு நாள் அந்தப் பக்கம் வேலையாகப் போனபோது மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவளைக் கீழே வரச் சொன்னேன். ஜம்பட்டா வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். அவளுடைய விரல்கள் எல்லாம் மஞ்சள்.

"என்னடி, சமையல் பழக்குறாங்களா?"

"இல்லக்கா. முதலாளிட மகளுக்குக் கலியாணம். அழைப்பிதழ் காட் எல்லாத்துக்கும் நாலு மூலையும் மஞ்சள் வைக்கணும். வச்சி, காய விட்டு, பேர் எழுதணும். என் எழுத்து அழகாம்."

"எவ்வளவு நாளா?"

"போனதுல இருந்து."

நான் கையிலிருந்த றோலை வைத்துவிட்டேன். அவளோ சிரிக்கிறாள்.

"இன்னும் கேளுங்க அக்கா. ஊர்ல இருந்து ஒரு புது அண்ணன் வந்திருக்கார், முதலாளிட சொந்தம். அவருக்கு வந்த கையோட பாஸ் எடுத்தாச்சு. நல்ல அண்ணன், பாவம், சிங்களம் ஒரு சொட்டும் தெரியாது. உள்ள போயி நின்டுக்கிட்டு ஒஃபிஸுக்கு கோல் பண்ணுவார். ஃபோன கஸ்டம்ஸ் ஆள்ட்ட குடுப்பார். நான் இங்க இருந்து, 'பொட்டக் இன்ன அய்யே, மன் கியன்னம்'னு கதைச்சி வேலைய முடிச்சிக் குடுப்பேன். ஃபோனெல்லாம் மஞ்சள்!"

கொஞ்சம் பொறுங்கள் அண்ணா, நான் சொல்கிறேன் என்று சுங்க அதிகாரியோடு சிங்களத்தில் பேசி, அவள் உள்ளே போகாமலே சரக்கை வெளியே எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். உள்ளே நிற்பவனுக்குப் பயிற்சி. வெளியே இருப்பவளுக்குக் கலியாண வேலை. அவள் தடுக்கத் தடுக்க நான் ஒஃபிஸுக்கு மேலே ஏறிப் போனேன்.

முதலாளி மரியாதையாகத்தான் வரவேற்றார். தேநீர் சொன்னார். நான் குடிக்கவில்லை.

"ஐயா, அந்தப் பிள்ளைக்கு ஏன் இன்னும் பாஸ் போடேல்ல?"

"கோவப்படாதேங்கோ பிள்ளை. பொம்பிளைப் பிள்ளையை எப்பிடி வாஃபுக்கு அனுப்புறது? லொறிக்காரர், கூலியாக்கள் நிக்கிற இடம். நாளைக்கு ஒண்டு நடந்தால் ஆர் பதில் சொல்லுறது?"

"அவவின்ர அப்பாவே அங்கதான் வேலை செய்யிறார் ஐயா. அந்த இடம் அவவுக்குப் பயமில்லை."

"அதைத்தான் நானும் சொல்லுறன்." குரலைத் தாழ்த்தினார், ஆனால் கதவு திறந்திருந்தது. "மூட்டை தூக்கிறவற்ற மகள் ஃபைலோட வந்து நிண்டால் அங்க ஆர் மதிக்கப் போகினம்? கம்பனிக்கும் ஒரு பேர் இருக்கெல்லே. இங்க இருந்து எழுத்து வேலையைப் பழகட்டும். நல்ல எழுத்து."

கதவுக்கு வெளியே அவள் நின்றாள். கையில் உலராத காட் அடுக்கு. கேட்டுவிட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கு வாயில் நல்ல தமிழ் எதுவும் வரவில்லை. மேடையில் சொந்தப் பிள்ளை என்றீர்களே, உங்கள் சொந்தப் பிள்ளையின் கலியாணத்துக்குத்தான் ஆள் எடுத்தீர்களா என்று ஏதோ கத்தினேன். முழுதாகக் கத்தி முடிப்பதற்குள் அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படி இறங்கினாள். என் சட்டைக் கையிலும் மஞ்சள்.

"நீங்க கத்திட்டுப் போயிருவீங்க அக்கா. நாளைக்கு நான்தானே வரணும்?"

நாளைக்கு அவள் வரத் தேவைப்படவில்லை. காட் வேலை முடிந்துவிட்டது, பயிற்சியும் முடிந்துவிட்டது என்று அன்று பின்னேரமே சொல்லிவிட்டார்கள். ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள், தங்க நிற ஓரம் போட்டது. புதுவருஷம் நெருங்கிக்கொண்டிருந்தது. புடவைக் கடையிலிருந்து மறுபடியும் கேட்டு அனுப்பியிருந்தார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததில் எனக்கு ஒரு பங்கும் இல்லை. அந்த ஒஃபிஸில் வேலை கூடுகிற நாட்களில் சில ஃபைல்களை வெளியே ஒரு சின்ன ஏஜன்டுக்குக் கொடுப்பார்கள். கொட்டாஞ்சேனையிலேயே ஒரு டயர்க் கடைக்கு மேலே ஒற்றை அறை வைத்திருக்கிற முஸ்லிம் மனிதர். எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். ஃபைல் எடுக்க வருகிறபோது அவள் ஃபோனில் சிங்களம் கதைப்பதைக் கேட்டிருக்கிறார், இரண்டு முறை நின்று கேட்டிருக்கிறார். சான்றிதழை வாங்கிய அன்று அவள் அந்தச் சான்றிதழோடு வீட்டுக்குப் போகவில்லை. டயர்க் கடைக்கு மேலே ஏறிப் போயிருக்கிறாள். அவள் எனக்குச் சொன்னது இது:

"நானா, எனக்கு வேலை பழகணும். பாஸ் எடுத்துத் தருவீங்களா?"

"ஒனக்கு எழுதவும் ஏலுமா, இல்ல கதைக்க மட்டுமா?"

"மூணு மொழியும் எழுதுவேன். நான் எந்த ஊருன்னு கேக்கல்லியா?"

"ஊரக் கேட்டு நான் என்ன மகள் செய்ய? கண்டெய்னர் வந்து என்ட ஊரக் கேக்குதா?"

அந்த மனிதர் எங்கள் மலரில் கால்பக்கம்கூட வாங்கியதில்லை. அவரை ஒருவரும் கேட்டதும் இல்லை. அந்த ஒற்றை அறையில் இரண்டாவது கதிரை போட இடமில்லாமல் அலுமாரியை வெளியே வராந்தாவுக்குத் தள்ளியிருக்கிறார். ஒரு தொழில் நிறுவனம் ஒரு பாடசாலைக்கு என்ன செய்யலாம் என்று என்னை யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். அலுமாரியைத் தள்ளுங்கள். பாஸுக்கு விண்ணப்பியுங்கள். உண்மையான ஃபைலைக் கையில் கொடுங்கள், பிழை விட்டால் ஏசுங்கள், அடுத்த நாள் மறுபடியும் கொடுங்கள். பெரிய மனது, பெரிய மண்டபம், பெரிய பொன்னாடை எதுவுமே தேவையில்லை. இது விளங்குவதற்கு என்ன அவ்வளவு கஷ்டம்?

ஆனால் நானாவுக்கும் ஒரு பயம் இருந்தது. அவருடைய வேலையில் பாதி அந்தப் பெரிய ஒஃபிஸிலிருந்துதான் வருகிறது. அவர்களுடைய பிள்ளையைக் கொத்திக்கொண்டு போனதாகப் பேச்சு வரக்கூடாது என்று, முதலாளியிடம் நேரே போய்க் கேட்டுவிட்டுத்தான் விண்ணப்பம் போட்டார். முதலாளி பெருந்தன்மையாகச் சம்மதித்தாராம். பாஸ் புதுவருஷத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது. புடவைக் கடைக்கு அவள் போகவில்லை.

இங்கே கதை முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

விடுமுறை முடிந்து பரிசளிப்பு விழா வந்தது. பிரதம விருந்தினர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. நன்றியுரை என்னிடம் கொடுக்கப்பட்டது. எனக்குள் ஒரு கொண்டாட்டம். மைக், முழு மண்டபம், முன்வரிசையில் அவர். என்ன சொல்லப் போகிறேன் என்று பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் வசனம் வசனமாகச் செதுக்கினேன். கலியாண காட் கதையிலிருந்து தொடங்குவதாக உத்தேசம். ஆர்வத்தில் அவளுக்கும் ஃபோனில் வாசித்துக் காட்டினேன்.

வாசித்து முடித்ததும் நானே கேட்டேன்.

"எப்பிடி, நல்லா இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு. சொல்லாதீங்க."

"ஏன்? பொய்யா சொல்றேன்?"

"உண்மைதான் அக்கா. நீங்க அதைச் சொல்லிட்டு வெள்ளவத்தைக்கு பஸ் ஏறிடுவீங்க. அடுத்த நாள் அவரு நானாக்கு ஃபைல் குடுக்கிறத நிப்பாட்டுவார். நானா பாவம், ரெண்டு பேருக்கு சம்பளம் எங்க இருந்து எடுப்பார்? கால்ல விழுறேன்னெல்லாம் சொல்ல மாட்டேன். வாய மட்டும் மூடுங்க."

"நீயாவது வந்து மேடையில நிக்க வேண்டாமா? உன்னை ஏத்திப் படம் எடுக்கத்தான் கூப்பிட்டிருக்கிறாங்க."

"நான் எங்க வாறது? அன்டைக்கு எனக்கு ரெண்டு கண்டெய்னர் இருக்கு."

என் வாழ்க்கையில் நான் மிகவும் வெறுத்துச் செய்த காரியம் அந்த நன்றியுரை. எல்லா நன்றியுரைகளும் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. எங்கள் அழைப்பை ஏற்று, தமது பல்வேறு பணிகளுக்கு மத்தியிலும், இளைய தலைமுறையின் எதிர்காலத்தில் அக்கறை கொண்டு. கை தட்டினார்கள். பொன்னாடைத் தட்டை ஏந்தி நின்ற சின்னப் பிள்ளைகளுக்குக் கால் வலித்திருக்கும், ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறி நின்றார்கள். அவர்களும் சில வருடங்களில் உயர்தரம் எழுதுவார்கள். அவர்களையும் யாராவது ஒருவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார்கள். எந்த இடம் என்று அவர் கேட்பார்.

இதில் ஒருவருடைய பெயரையும் நான் எழுதவில்லை. மரியாதை காரணமல்ல. ஒற்றை அறையில் இரண்டு கதிரைகள் இருக்கின்றன, அவை இருக்க வேண்டும்.

விழா முடிந்து கேக் பரிமாறும்போது முதலாளி என்னைத் தேடி வந்தார். நான் அவருடைய ஒஃபிஸில் கத்தியதை மன்னித்துவிட்ட முகம். பக்கத்தில் அதிபர், இன்னும் இரண்டு அரைப்பக்கக்காரர்கள்.

"பாத்தியளே பிள்ளை, அண்டைக்கு என்ன மாதிரிக் கோவப்பட்டியள்? இப்ப அந்தப் பிள்ளை ஹாபருக்குள்ள போய் வருதாம். எங்கட ஒஃபிஸில பழகின பிள்ளை எண்டபடியால்தானே அவையும் நம்பி எடுத்தவை. நாங்கள் போட்ட அத்திவாரம், என்ன?"

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். அதிபர் புன்னகையோடு தலையை ஆட்டிக் காத்திருந்தார். சொல்ல வேண்டிய வசனங்கள் அத்தனையும் செதுக்கியபடி நாக்கில் இருந்தன.

"ஓம் ஐயா" என்றேன்.